எட்டுத் தறி வழக்கு

வழக்கில் ஜெயிப்பதற்காகத்தான் இருதயம் தன் மகளை வக்கீலுக்குப் படிக்க வைத்தார். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ரெனிட்டா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங்கா பி.காமா என்று தோழிகளோடு பேசிக்கொண்டிருந்த நாளில், "ஏட்டி, அதெல்லாம் கெடக்கட்டும். நீ வக்கீலுக்குப் படி. எப்படியும் நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் நம்ம கேஸு இருக்கும். கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு நீயே வந்து நில்லு" என்றார். அவள் மார்க்குக்குத் திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஐந்து வருடப் படிப்பு. வழக்கு சொன்னபடியே காத்திருந்தது.

ராஜபாளையத்தில் இருந்து சத்திரப்பட்டி போகிற வழியில் தறிச்சத்தம் இல்லாத தெருவைத் தேடினால்தான் உண்டு. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி இந்தப் பக்கத்துத் தறிகளில் இருந்துதான் எங்கெங்கோ போகிறது. இருதயத்துக்கு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எட்டுத் தறி. பகலில் அவரும் மனைவி சவேரியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் ஓட்டுவார்கள். ராத்திரி ஷிப்டுக்கு முத்தாத்தாள் வருவாள். புருஷன் இல்லாதவள், பகலில் பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் ராத்திரி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள்.

கொட்டகையின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹரிகிருஷ்ண ராஜா வீடு. மில் ஆபீசில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வீட்டுக்கும் அப்படி ஒரு நெருக்கம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். சித்திரை வைகாசியில் ராஜாவின் தோப்பில் இருந்து சப்பட்டை மாம்பழம் கூடையில் வரும். ராஜாவின் மனைவி மகாலட்சுமி, வீட்டில் தெலுங்கு பேசுகிற வாய்க்கு, இருதயத்தை "அன்னய்யா" என்றுதான் கூப்பிடுவாள். அவரும் தங்கச்சி என்பார்.

அந்த ராஜாதான் 2019இல், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தறி ஓட்டக்கூடாது, மனைவிக்குத் தூக்கம் இல்லாமல் உடம்பு கெட்டுப்போனது என்று முனிசீப் கோர்ட்டில் தடை கேட்டு வழக்குப் போட்டார். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் ஒரு மனு. விசாரிக்க வந்த ஏட்டு, "செக்ஷன் இருநூத்தி அறுபத்தெட்டு தெரியுமாய்யா? பொதுத்தொல்லை" என்று மிரட்டிவிட்டுப் போனார். இருதயத்துக்கு அந்த நம்பர் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. ரெனிட்டா ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும், "இருநூத்தி அறுபத்தெட்டு நடத்திட்டாங்களா?" என்று கேட்பார். நடத்தினார்கள். அவள் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதி முடித்த பிறகு சட்டத்தின் பெயரே மாறிப்போய், நம்பர் எல்லாம் இடம் பெயர்ந்துவிட்டது.

"இப்ப அது இருநூத்தி எழுபதுப்பா. பழசையும் படிக்கணும், புதுசையும் படிக்கணும். எங்க செட்டு பசங்க எல்லாம் ரெண்டு புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு அலையுதோம்."

"நம்பர் மாறினா என்ன? குத்தம் அதானட்டி?"

"குத்தம் அதேதான். ஆனா நம்ம கேஸு சிவில் கேஸுப்பா. அந்த நம்பருக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல. எம்புட்டு தடவை சொல்றது?"

எத்தனை தடவை சொன்னாலும் அவர் அதை விடுவதாக இல்லை.

அவள் ஐந்தாம் வருடத்துக்குப் போன ஆடி மாதம். மேற்கே மலையில் சாரல் விழுந்தாலும் ஊருக்குள் காற்றுதான். ஆடிக்காற்று வந்தால் தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் காய்ந்து பட்டுப் பட்டென்று அறும். தரையில் தண்ணீர் தெளிப்பதும் அறுந்த இழையை முடிவதுமாக இருதயத்துக்கு நிற்க நேரமில்லை. அப்படி ஒரு சனிக்கிழமைதான், அவர் வழக்கை நடத்துகிற பால்ச்சாமி வக்கீலின் குமாஸ்தா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நாடு முழுக்கப் பழைய வழக்குகளைப் பொறுக்கி எடுத்துச் சமரசத்துக்கு அனுப்புகிற மூன்று மாத இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எட்டுத் தறி வழக்கும் அதில் சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற சமரச மையத்துக்குப் போயிருந்தது.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தபோது ரெனிட்டா அந்தத் தாளைப் படித்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இருதயத்துக்குப் பிடிக்கவில்லை.

"என்னட்டி சிரிக்க?"

"இதுதாம்ப்பா எங்களுக்கு இந்த வருசம் பாடம். சமரசம். இப்ப எல்லா லா காலேஜ்லயும் கட்டாயம். போன வாரங்கூட வகுப்புல ஒருத்தர் வாதி, ஒருத்தர் பிரதிவாதி, ஒருத்தர் சமரசர்னு உக்காந்து பேசிப் பழகினோம்."

"பேசிப் பழகுறதுக்கா அஞ்சு வருசம் படிக்க? பேச எனக்குத் தெரியாதா?"

"சரி, சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"கேஸு ஜெயிக்கணும்."

"ஜெயிச்சு?"

"ஜெயிச்சு என்ன ஜெயிச்சு? ராத்திரி தறி ஓடும்."

"இப்பவும் ஓடத்தான செய்யுது. ஆறு வருசமா தடையா இருக்கு?"

இருதயம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். குழம்பை ஊற்றிய சவேரியம்மாள், "அவருக்கு என்ன வேணும்னு நான் சொல்லுதேன். ராஜா வீட்டு அய்யா ரோட்டுல எதிர்க்க வந்தா பழையபடி 'என்ன இருதயம்'னு கேக்கணும். அதுதான் வேணும். ஆறு வருசமா அந்த மனுசன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறதை நெனச்சு நெனச்சுத்தான் இவருக்கு இந்த ஆங்காரம்" என்றாள்.

"நீ சும்மா கெட. வந்துட்டா, பெரிய ஜட்ஜு" என்றார் இருதயம். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

சமரசத்துக்குக் குறித்த நாளன்று அப்பாவும் மகளும் காலையிலேயே பஸ் ஏறினார்கள். பால்ச்சாமி வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் விசாரணை. "பேசிட்டு வாங்க, ஒத்துவந்தா நான் வந்து கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிவிட்டார். மையத்தில் ஒரு வட்ட மேசை, நான்கு நாற்காலி, சுவரில் ஒரு மின்விசிறி. கூண்டும் இல்லை, உயரமான மேடையும் இல்லை. இருதயம் வாசலில் தயங்கி நின்றார்.

"நீயும் வாயேன்."

"ரெண்டு பேரும் சம்மதிச்சா வரலாம். ஆனா நான் வரலப்பா. நான் இருந்தா நீங்க ராஜாகிட்ட பேச மாட்டீங்க, எனக்குக் காட்டுறதுக்காகப் பேசுவீங்க."

இருதயம் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார். ராஜா ஏற்கெனவே வந்திருந்தார். வெள்ளை வேட்டியில் கசங்கல் இல்லை, ஆனால் ஆள் பாதியாகியிருந்தார்.

சமரசர் வைகுண்டராஜ் ஐம்பது வயது வக்கீல். நிதானமான பேச்சு. "நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இங்க பேசுறது எதுவும் இந்தக் கதவைத் தாண்டிப் போகாது. கோர்ட்டுலயும் சொல்லக்கூடாது, வீட்டுலயும் சொல்லக்கூடாது. ஒத்துவரலேன்னா, என்ன பேசினீங்கன்னு ஜட்ஜுகூட கேக்க முடியாது" என்றார்.

முதல் அரை மணி நேரம் சண்டையாகவே போனது. ராஜா ராத்திரிச் சத்தம் என்றார். இருதயம், முத்தாத்தாள் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொன்னார். ஊரெல்லாம் தறி ஓடும்போது என் தறி மட்டும் கடிக்குதா என்று மேசையைத் தட்டினார். வைகுண்டராஜ் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ராஜாவோடு வெகுநேரம் ஆனது. பிறகு இருதயத்தை உள்ளே கூப்பிட்டு, "அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்கார். நான் சொல்லச் சொல்லல. அவராத்தான் கேட்டார்" என்றார்.

ராஜா மேசையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இருதயம், கொரோனா லாக்டவுன்ல உன் தறி எத்தனை நாள் நின்னுச்சு?"

"ஐம்பது நாளுக்கு மேல. அதுக்கென்ன?"

"அப்பவும் அவளுக்குக் கேட்டுச்சு."

இருதயத்துக்குப் புரியவில்லை.

"சொவத்துல காதை வச்சுக்கிட்டு, 'அன்னய்யா திருட்டுத்தனமா ஓட்டுறார், கேளுங்க'ங்கா. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஊரே செத்த மாதிரி கெடக்கு, காக்கா கத்துறதுகூடக் கேக்கு, தறி மட்டும் இல்ல. பொறவு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். காது டாக்டர், இது உள்காதுல வர்ற இரைச்சல், வெளிய சத்தமே கிடையாது, மாத்த முடியாது, பழகிக்கணும்னுட்டார். அவளை வெளிய உக்கார வச்சுட்டு எங்கிட்டத்தான் சொன்னார். அவகிட்ட சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"ஏன் ராஜா?"

"அவ அம்மாவுக்கு இல்லாத சத்தம் கேக்கும். பேச்சுக்குரல் கேக்கும். கடைசியில வீட்டுல கட்டிப்போட்டு வச்சிருந்தாங்க. பத்து வயசுல அதைப் பாத்தவ இவ. அவகிட்டப் போய், 'உனக்கும் இல்லாத சத்தம் கேக்குது'ன்னு நான் எப்படிச் சொல்ல? கேஸு நடக்குற வரைக்கும் சத்தம் உன் வீட்டுலருந்து வருது. ஒருநாள் நின்னுரும்னு அவளும் நம்பிக்கிட்டு இருப்பா. வாபஸ் வாங்கினா ஏன்னு கேப்பா. அதான் இழுத்துக்கிட்டே கெடக்கேன்."

இருதயம் எழுந்து வெளியே போய்விட்டார்.

ரெனிட்டா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் கையைக் காட்டி அவளை உட்காரச் சொல்லிவிட்டு வளாகத்தைச் சுற்றி நடந்தார். ஐந்து வருடம். லாக்டவுன் முடிந்து ஐந்து வருடமாக அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வாய்தா. எத்தனை நாள் தறியை நிறுத்திவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்றது. அக்கம்பக்கத்தில் 'பாவம் அந்த அம்மா, இந்தாளு இரக்கமில்லாம ஓட்டுதான்' என்று பேசியது காதில் விழுந்தது. எல்லாம் இல்லாத ஒரு சத்தத்துக்கு. போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது சுற்று வரும்போது, சவேரியம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்த வருடம் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே விடிய விடிய அவரோடு உட்கார்ந்திருந்தது ராஜாதான். அன்றைக்கு உள்ளிருந்து கெட்ட செய்தி வந்திருந்தால் அதைச் சவேரியம்மாளிடம் சொல்லத் தன்னால் முடிந்திருக்குமா? மூன்றாவது சுற்று நடக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார்.

"ராத்திரி ஒம்போதுல இருந்து காலைல ஆறு வரைக்கும் எட்டுத் தறியும் நிக்கும். எழுதுங்க சார்."

ராஜா நிமிர்ந்து பார்த்தார். "இருதயம், நான் அதுக்காகச் சொல்லல. உண்மையைச் சொல்லிட்டு வாபஸ் வாங்கத்தான்..."

"வாபஸ் வாங்கினா தங்கச்சி ஏன்னு கேப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? ஜெயிச்சிட்டேன்னு போய்ச் சொல்லுங்க. அப்படியாவது தூங்கட்டும்."

ராஜா வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வைகுண்டராஜ் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ரெனிட்டா, கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஒன்று எதிரே இரைந்துகொண்டு போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, "எதுக்குப்பா இப்படி மொத்தமா விட்டுக்குடுத்தீங்க? பதினொரு மணின்னாவது பேசிருக்கலாமே" என்றாள்.

"உள்ள பேசினதை வெளிய சொல்லக்கூடாதாம்."

"நான் உங்க மகப்பா."

"மகளா இருந்தா என்ன? உங்க புஸ்தகத்துல மகளுக்குச் சொல்லலாம்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. ரெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடக்கமாட்டாமல் சிரிப்பும் வந்தது. ஐந்து வருடமாக ஒரு செக்ஷனையும் சரியாகப் புரிந்துகொள்ளாத மனிதர், இதை மட்டும் இப்படிப் பிடித்துக்கொண்டாரே.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சவேரியம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிய பேச்சுக்கு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. முத்தாத்தாளுக்குக் காலை ஆறு மணி ஷிப்டு என்று ஏற்பாடு செய்து, அவள் பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வேலையைச் சவேரியம்மாளே எடுத்துக்கொண்ட பிறகுதான் வீடு கொஞ்சம் அடங்கியது. ராஜா மட்டும் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நின்று, "என்ன இருதயம், சாப்பிட்டாச்சா?" என்றார். அதைக் கேட்கிறபோது சவேரியம்மாளின் கோபம் பாதி இறங்கிவிடும்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ராஜா தோப்பில் தேங்காய் வெட்டுக்குப் போயிருந்த ஒரு முற்பகல். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சவேரியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நிமிர்ந்த இருதயம் கொட்டகை வாசலில் மகாலட்சுமி நிற்பதைப் பார்த்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில். பதறிப்போய் ஓடி மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"நிறுத்தாதீங்க அன்னய்யா! ஓடட்டும்."

அவர் கை அப்படியே நின்றது. அவள் தறிகளுக்கு நடுவில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மெல்ல இளகியது. குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் காதருகே வந்து உரக்கப் பேசினாள். அப்படிப் பேசினால்தான் அங்கே கேட்கும்.

"அன்னய்யா, எனக்குக் கேக்குற சத்தம் இங்க இருந்து வரல. எனக்குத் தெரியும்."

"தங்கச்சி..."

"லாக்டவுன்லயே தெரியும். எங்க மாடியில நின்னு இந்த ஜன்னல் வழியாப் பாத்தேன். நூல்ல தூசி படிஞ்சு கெடந்துச்சு. ஆடாத தறி எப்படிச் சத்தம் போடும்? பொறவு போன்ல தேடிப் பாத்தேன். நிறைய பேருக்கு இருக்காம். எங்க அம்மாவுக்கு வந்தது இது இல்ல. அதுவும் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப ராஜாகிட்ட சொல்ல வேண்டியதுதானம்மா?"

"அவரு மதுரையில டாக்டர்கிட்ட தனியாப் பேசிட்டு வெளிய வந்தப்ப அவர் மூஞ்சியைப் பாத்தேன். நான் தாங்க மாட்டேன்னு நெனச்சு மறைக்கிறார். எனக்காகக் கோர்ட்டுக்கு அலையறதுல அவருக்கு ஒரு தெம்பு. எனக்குத் தெரியும்னு சொன்னா, இத்தனை வருசம் உங்களை அலைய வச்சதுக்கு அவரு என்ன ஆவாரு? இப்ப, ஜெயிச்சிட்டேன்னு வந்து சொன்னார். சத்தம் நின்னுருச்சா, நின்னுருச்சான்னு தினமும் கேக்கார். நின்னுருச்சுன்னு சொல்லிட்டேன். உங்களுக்குத்தான் அநியாயம் பண்ணிட்டோம். அதைச் சொல்லாம என்னால இருக்க முடியல."

ஒரு தறியில் இழை அறுந்து நின்றது. இருதயம் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார்.

"இப்ப எப்படி இருக்கு? உள்ள கேக்குறது?"

அவள் திரும்பி வாசலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஏதோ தப்பைச் சொல்வதுபோலச் சொன்னாள். "தறி ஓடினா அதுல இது அமுங்கிரும். பகலெல்லாம் பரவாயில்ல. ஒம்போது மணிக்கு நீங்க நிறுத்தினதும்தான் கூடிப்போகுது. இதை உங்ககிட்ட கேக்க எனக்கு வாயில்ல. கேக்கவும் இல்ல. அவர்கிட்ட சொல்லிராதீங்க அன்னய்யா."

போகும்போது அவள் ஒரு தறியின் மேல் கையை வைத்து, அதன் அதிர்வைச் சற்று நேரம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அன்றைக்கு ரெனிட்டா லீவில் வந்திருந்தாள். சாயங்காலம் இருதயம் அவளைக் கூப்பிட்டு, "நம்ம ஒப்பந்தத்தை எடு. என்ன எழுதிருக்குன்னு வாசி" என்றார்.

"பிரதிவாதி தமது கொட்டகையில் உள்ள எட்டு விசைத்தறிகளையும் இரவு ஒன்பது மணி முதல்..."

"தார் சுத்துற மெஷினு?"

"எதைச் சொல்றீங்க?"

"நாடாக்குள்ள போடுற நூலைக் கட்டையில சுத்துமே, அந்தா மூலையில கெடக்கே."

அவள் இன்னொரு முறை படித்தாள். "விசைத்தறின்னு மட்டுந்தான் இருக்கு. தார் மெஷின் இல்ல. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"அப்பா, சந்து கண்டுபிடிச்சு ஓட்டப் பாக்கீங்களா? எழுத்துல இல்லைன்னாலும், நீங்க மனசார ஒத்துக்கிட்டதுக்கு அது விரோதம். வேண்டாம்ப்பா."

"நான் ஒத்துக்கிட்டது அந்த வீட்டுல இருக்கவங்க தூங்கணும்னுதான். அதுக்கு விரோதமா ஒண்ணும் செய்ய மாட்டேன். இதுக்கு மேல கேக்காத."

ரெனிட்டா அப்பாவையே பார்த்தாள். வகுப்பில் அவர்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்: எதிரில் இருப்பவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டால், அந்த இடத்தை மதிக்க வேண்டும், தோண்டக் கூடாது. அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். இப்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. ஒப்பந்தத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வைத்துவிட்டு மெஷினை நகர்த்தக் குனிந்தபோது, "ஒத்த ஆளாத் தூக்காதீங்க, நானும் ஒரு கை பிடிக்கேன்" என்றாள்.

இரண்டு பேருமாகத் தார் மெஷினை மூலையில் இருந்து இழுத்துக் கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டார்கள். ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. இருதயம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மெஷினை ஓட விட்டார். தறிக்கு இருக்கிற தடதடப்பு இதற்குக் கிடையாது. தேனீக்கூட்டம்போல ஒரே சீரான மெல்லிய இரைச்சல்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாடி லைட் எரிந்தது. ராஜாவின் குரல்.

"என்ன இருதயம், ஒம்போது தாண்டிருச்சே?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்குள் இருந்து மகாலட்சுமி சொன்னாள்:

"அது தறி இல்லைங்க, தார் சுத்துறாரு. அதனால ஒண்ணுமில்ல, வந்து படுங்க."

"ஒனக்குத் தொந்தரவா இல்லையா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

லைட் அணைந்தது. ரெனிட்டா காலிக் கட்டைகளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க இருதயம் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளைக்கு எட்டுத் தறிக்கும் வேண்டிய தார் சீக்கிரமே முடிந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளைக்கு உரியதைச் சுற்ற ஆரம்பித்தார்.